பதினெட்டுன்னு சொன்ன வாய்

ஜனவரி 12, திங்கள்

விடிஞ்சதிலேர்ந்து தூத்தல். மண்ணு சரிஞ்சதிலேர்ந்து நாங்க தங்கியிருக்கிற ஸ்கூல் மண்டபத்துல மேற்கு மூலை ஒழுகுது, வாளி வச்சாச்சு. தலைவலி. மலைக்குப் போகல.

செய்யவேண்டியது:
அவருக்கு பிரஷர் குளிசை
கவிதாவ புதன்கிழமை கிளினிக்
போர்வை ரெண்டு காயவைக்கணும் (வெயில் வந்தாத்தானே)
சவுக்காரம்

புது வீட்டு லிஸ்ட் இன்னைக்குத்தான் ஒட்டினாங்க, ஸ்கூல் கேட்டுல. ஓடிப்போய் பார்த்தோம். பதினெட்டு பேரு. எங்க லயத்துல, அந்த ஒரே வரிசை வீட்டுல, இருந்தது இருபத்தேழு குடும்பம்! மிச்சம் ஒம்போது குடும்பம் எங்க போச்சு? மண்ணு சரிஞ்ச நேரம் எல்லாரும் மலையில தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தோம், ஒரு உசிரு போகல. மண்ணு விட்டுவச்ச சனத்த லிஸ்ட்டு முழுங்கிருச்சு.

எங்க வீட்டுக்காரர் சுப்பையா பேரு இருக்கு. மகன் சசி பேரு இல்ல. சசி, மருமக கவிதா, அவங்க மக சின்னது, எல்லாரும் எங்களோட ஒரே காம்பராவுலதான் இருந்தாங்க. நடுவுல ஒரு சேலையக் கட்டி, முன்னுக்கு நாங்க, பின்னுக்கு அவங்க. ஆறு வருசம். கவிதாவுக்கு இப்ப ஆறு மாசம். லிஸ்ட்ட மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல ரெண்டு தடவ வாசிச்சா. போய் பாயில படுத்துட்டா.

மார்ச் பொறந்தா ஸ்கூல விட்டு எழும்பணுமாம். லிஸ்ட்ல பேரு இல்லாதவங்க எங்க போறது? அந்த வெடிச்ச லயத்துக்குள்ளதானே. செவத்துல கைய விடலாம், அப்படி வெடிச்சிருக்கு. ஆள் இருக்கக் கூடாதுன்னு செவப்பு நோட்டீஸ் ஒட்டினதும் இவங்கதான்.

ஜீ.எஸ். (எங்க கிராம சேவகர், சிங்களவர்) மத்தியானம் திரீவீல்ல வந்தாரு. மறிச்சுட்டேன். "இந்த லிஸ்ட்ட எழுதுன மகராசன் யாருன்னு எங்களுக்குக் காட்டுங்க! யாரு கணக்கு குடுத்தா? யாரு கையெழுத்து வச்சா?" மனுசன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "மேல இருந்து வந்தது, நோனா. ஆபீஸ்ல கேளுங்க." மேல, மேல, மேல. மேலேர்ந்து வந்ததுன்னா மழையும் மண்ணும்தான்.

நல்லா கிழிச்சேன். பத்து இருபது பேரு சுத்தி நின்னு பார்த்தாங்க. சொல்லப்போனா ஒரு சந்தோசம்தான்.

ஜனவரி 13, செவ்வாய்

தூத்தல் விட்டுருச்சு. குளிர்.

ரத்தினம் சேர் (எங்க ஸ்கூல் கணக்கு மாஸ்டர்) நல்ல யோசனை சொன்னாரு. தகவல் அறியிற சட்டம்னு ஒண்ணு இருக்காம். யாரும் கடிதம் போட்டுக் கேக்கலாம், ஆபீஸ் கட்டாயம் பதில் குடுக்கணும். அவரே எழுதினாரு. மூணு கேள்வி: லிஸ்ட் எந்தக் கணக்க வச்சு செஞ்சது? அந்தக் கணக்க யாரு குடுத்தா? அதோட பிரதி வேணும்.

"யாரு பேர்ல போடுறது?"ன்னு சேர் கேட்டாரு. சனமெல்லாம் என்னையத்தான் பார்த்துச்சு. நான் மாதர் சங்கத் தலைவி. தோட்டத் தலைவர் பெருமாள் அண்ணன் இருக்காரு, ஆனா அவருக்கு ஆபீஸ்னா தொண்ட வத்திரும். என் பேர்லயே போடுங்கன்னுட்டேன்.

புது வீட்டுக்குன்னு அடிக்கல் நாட்ட பெரிய ஆளுக மூணு தடவ வந்துட்டாங்க. மூணு கல்லு இருக்கு, மூணு ரிப்பன் இருக்கு, வீடு இல்ல. ஒவ்வொரு தடவையும் எங்களக் குளிச்சு, நல்ல சேலை கட்டி வரச் சொல்றாங்க. போட்டோவுக்கு. கேக்க ஆளில்லன்னு நெனப்பு. கேப்போம்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

வெயிலோ வெயில். போர்வை காஞ்சிருச்சு.

இத எழுதலாமான்னு தெரியல. யாரு பார்க்கப் போறா. எழுதுறேன்.

ஸ்கூல் மைதானத்துல பொங்கல் வைக்க ஏற்பாடு. பெருமாள் அண்ணன் கல்லு அடுக்க வந்தாரு. "எத்தன அடுப்பு வைக்க, விஜயா?" நான் சின்னதுக்குத் தல பின்னிக்கிட்டு இருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கல. "பதினெட்டு"ன்னேன்.

கவிதா பக்கத்துல நின்னா. "அத்தை, எனக்குத் தனியா ஒரு அடுப்பு வேணும். இங்க என்ன காம்பரா கணக்கா?"

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. சீப்பு கீழ விழுந்துருச்சு.

எங்க லயம் பதினெட்டுக் காம்பரா. எங்களுக்கு எல்லாக் கணக்கும் காம்பராவுலதான். கோயில் பொங்கலுக்கு அரிசி, காம்பராவுக்கு ஒரு கொத்து. சாவு வீட்டுக்கு விறகு, காம்பராவுக்கு ஒரு கட்டு. பீலிக் குழாயில தண்ணி முறை, காம்பரா வாரியா. ஒரு காம்பராவுல மூணு குடும்பம் சமைச்சாலும் ஒரு காம்பராதான். "எத்தன வீடு?"ன்னு கேட்டாலும், "எத்தன குடும்பம்?"னு கேட்டாலும் எங்க ஆளுக வாயில பதினெட்டுன்னுதான் வரும். வெள்ளக்காரன் கட்டிப்போட்ட காம்பராவ வச்சுத்தான் இன்னைக்கும் நாங்க எங்களையே எண்ணுறோம்.

மண்ணு சரிஞ்சு ரெண்டாம் நாள். கொட்டுற மழை. ஜீ.எஸ். ரோட்டுல திரீவீலுக்குள்ளயே உக்காந்து, மடியில நெரப்புற பாரத்த வச்சுக்கிட்டு, "எத்தன குடும்பம்?"னு கேட்டாரு. பெருமாள் அண்ணன் அங்க இல்ல. நான் உரச் சாக்கத் தலையில போட்டுக்கிட்டு நின்னேன். பதினெட்டுன்னேன். கையெழுத்தும் வச்சேன். சாப்பாட்டுப் பார்சலுக்குன்னு நெனச்சேனா? என்ன நெனச்சேன்னே தெரியல. குளிரு, பசி. சுத்தமா மறந்தும் போயிட்டேன்.

நடுரோட்டுல நின்னு யாரு கணக்கு குடுத்தான்னு கத்தினேனே. என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன்.

பொங்கல் பொங்கிச்சு. எல்லாரும் பொங்கலோ பொங்கல்னாங்க. நானும் சொன்னேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பனி. கொழுந்து பதினாறு கிலோ, கை ஓடல. கணக்கப்பிள்ளை ஏசினான்.

சனம் ஜீ.எஸ்.ஸ ஒம்போது வீட்ட வித்துட்டாருன்னு பேசுது. சசி அவரு போட்டோவ போன்ல போட்டு 'திருடன்'னு எழுதியிருக்கான். நூறு பேரு பார்த்துட்டாங்கன்னு சிரிக்கிறான். "எடுத்துரு தம்பி, நமக்கென்ன தெரியும்"னேன். "என்னம்மா நீங்களே இப்படிப் பேசுறீங்க?" மொகத்தப் பார்க்க முடியல.

பீலிகிட்ட ரெண்டு பொம்பளைக பேசினது காதுல விழுந்துச்சு: "நம்ம விஜயாக்கா இல்லாட்டி நம்மள எல்லாம் வித்துச் சாப்பிட்டுருப்பானுங்க."

வாளி நெறையறதுக்கு முன்னாடியே தூக்கிட்டு வந்துட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

பதுளை. அவருக்குக் குளிசை எடுக்கன்னு சொல்லிட்டுப் போனேன். குளிசையும் எடுத்தேன், பொய் இல்ல. ஆனா போனது கடிதம் போட்ட அந்த ஆபீசுக்கு. கடிதத்த வாபஸ் வாங்கிட்டா யாருக்கும் தெரியாதுன்னு ஒரு நெனப்பு.

கவுண்டர்ல ஒரு சின்னப் பொண்ணு, தமிழ்ப் பிள்ளை. வாபஸ்னா அதுக்கும் கடிதம் எழுதித் தரணுமாம். கடதாசி வாங்க எதுத்தாப்புல போட்டோ காப்பி கடைக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் நானா, "என்ன விசயமா கடிதம், தங்கச்சி?"ன்னாரு. வீட்டு விசயம்னேன். "விட்டுராதீங்க. எங்க மச்சான் ஒருத்தர் இப்பிடித்தான் கேட்டுக் கேட்டே எடுத்தாரு." கடதாசிக்குக் காசும் வாங்கல.

திரும்பிப் போனா கவுண்டர் மூடிட்டாங்க. சாப்பாட்டு நேரம். வாசப்படியில உக்காந்திருந்தேன். தெமோதரை பஸ்ஸுக்கு நேரமாச்சு, எழும்பி வந்துட்டேன்.

மனசு மாறி வந்தேன்னு எழுத ஆசைதான். இல்ல. கவுண்டர் தெறந்திருந்தா குடுத்துட்டுத்தான் வந்திருப்பேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில வெயில், பின்னேரம் இருட்டிட்டு வந்துச்சு.

பதில் வந்துருச்சு. தபால் தோட்ட ஆபீசுக்குத்தானே வரும். கிளாக்கர் ஐயா கூப்பிட்டுக் குடுத்தாரு. "பெரிய ஆளாயிட்டீங்க, அரசாங்கம் கடிதம் போடுது!" சிரிச்சு வச்சேன். பதினோராம் நம்பர் மலைக்குள்ள போய், தேயிலைக்கு நடுவுல குந்தி உக்காந்து பிரிச்சேன்.

ரெண்டு பக்கம். ஒண்ணு தமிழ்ல கடிதம். மத்தது அன்னைக்குப் போட்ட பாரத்தோட பிரதி. குடும்பம்: 18. தகவல் தந்தவர்: என் பேரு. என் கையெழுத்து. மழத்தண்ணி பட்டு ஊறின அடையாளம்கூடப் பிரதியில தெரியுது.

கடிதத்துல கடைசி வரி: பிழை இருந்தா 9ஆம் தேதிக்குள்ள, தகவல் தந்தவரே எழுத்துல அறிவிச்சு, புதுக் கணக்கு குடுக்கணும். இல்லாட்டி லிஸ்ட் முடிஞ்ச முடிவு.

திங்கக்கிழமை. ஆறு நாள்.

பால்மா டின்னுக்குள்ள மடிச்சு வச்சேன்.

பிப்ரவரி 4, புதன்

சுதந்திர தின லீவு. ஸ்கூல்ல கொடி ஏத்தினாங்க. எங்களையும் வரிசையா நிக்கச் சொன்னாங்க, நின்னோம்.

கவிதா துணி அடுக்குறா. பெரகலயில அவ அம்மா வீட்டுக்குப் போறாளாம். "பிள்ளைப் பேத்துக்கா?"ன்னேன். "பேத்துக்கு மட்டுமில்ல அத்தை. வீடு இல்லன்னா நான் திரும்பி வரமாட்டேன். பச்சப் பிள்ளையத் தூக்கிட்டு அந்த வெடிச்ச செவத்துக்குள்ள படுக்க என்னால ஏலாது. அவரு வேணும்னா அங்க வரட்டும்." சத்தம் போடல. மெதுவாத்தான் சொன்னா. சின்னதோட சட்டையெல்லாம் மடிச்சு வச்சா. சின்னது என் மடியில உக்காந்து வெரல் சூப்பிக்கிட்டு இருந்துச்சு.

போயிருவா. சின்னதும் போயிரும். வரப்போற பிள்ளை என்னைய யாருன்னு கேக்கும்.

ராத்திரி பத்து மணிக்கு அடுப்படியில ஆளில்ல. டின்னத் தெறந்து கடிதத்த எடுத்துட்டேன். நெருப்பு நல்லா எரிஞ்சுச்சு. எங்க வீட்டுக்காரரு பின்னால வந்து நிக்கிறாரு! எவ்வளவு நேரமா நின்னாருன்னு தெரியல. கைய நீட்டினாரு, குடுத்துட்டேன். கண்ணாடி இல்லாம தூரத்துல பிடிச்சு வாசிச்சாரு. அவருக்கு வாசிக்க நேரமெடுக்கும்.

"ஊருக்கெல்லாம் பேசுற வாயி."

அவ்வளவுதான் சொன்னாரு. முப்பது வருசத்துல அந்த மனுசன் என்னைய ஏசினது கிடையாது, இதுவும் ஏச்சு இல்ல. அழுதுட்டேன். "சனம் என்னையத் துப்பும்"னேன். "துப்பட்டும். தொடச்சுக்கலாம். திங்கக்கிழம போனா பிள்ளைக்கு வீடு போச்சு."

கடிதத்த அவரு சட்டப் பையில போட்டுக்கிட்டாரு. எரிச்சிருவேன்னு பயம். பயம் நியாயந்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

மழை இல்ல. காத்து.

மூணு மணிக்கு ஸ்கூல் மண்டபத்துல கூட்டம். சசி ஆளுக ஜீ.எஸ்.ஸக் கூப்பிட்டிருந்தாங்க, மரியாதையா இல்ல. வந்தாரு, தனியா. முன்னுக்கு ஒரு சின்னப் பிள்ளைக கதிரையில உக்கார வச்சாங்க. முழங்கால் காது வரைக்கும். யாரோ சிரிச்சாங்க.

சசி எழும்பி, "ஒம்போது வீட்ட யாருக்குக் குடுத்தீங்க?"ன்னு கேட்டான். அவரு பையிலேர்ந்து கடதாசிய எடுக்கப் போனாரு. அவருகிட்டயும் பிரதி இருக்குமே! இவ்வளவு நாளும் எனக்கு அது தோணவே இல்ல. அவரு காட்டிட்டா கதை வேற.

எழும்பிட்டேன். நான்தான்னேன்.

ஒருத்தருக்கும் வெளங்கல. மறுபடியும் சொன்னேன். "கணக்கு குடுத்தது நான். குடும்பம் கேட்டாரு. நான் காம்பரா சொன்னேன். பதினெட்டுன்னு." எங்க வீட்டுக்காரரு சட்டப் பையிலேர்ந்து கடிதத்த வாங்கி வாசிச்சேன். பாதியில ரத்தினம் சேர் வாங்கி வாசிச்சாரு.

பொறவு ஆரம்பிச்சாங்க. எழுதி வைக்கிறேன்:

"தெரிஞ்சேதான் மறச்சியா?"
"எப்ப தெரியும்?"
"அவ பேரு லிஸ்ட்ல இருக்குல்ல, அவளுக்கென்ன."
"தலைவியாம் தலைவி."

பொங்கல் அன்னைக்கே தெரியும்னேன். பொய் சொல்ல வாயில இடமில்ல. பீலிகிட்ட என்னையப் புகழ்ந்தவதான் மொதல்ல காறித் துப்பினா. மேல படல, சீமெந்துல விழுந்துச்சு. சசி என்னையப் பார்க்காம ஜன்னலப் பார்த்துக்கிட்டு நின்னான். போனக் கையில வச்சு என்னமோ அழுத்திக்கிட்டு இருந்தான். அந்தப் போட்டோவ எடுத்துட்டானாம், பெறகு சொன்னான்.

ஜீ.எஸ். எழும்பினாரு. "இப்ப தெரியுதா? ரெண்டு கிழமையா என் மக ஸ்கூல் போகல. திருடன் மகள்னு சொல்றாங்க." அவரு தமிழ் தட்டித் தட்டித்தான் வரும், இது தட்டாம வந்துச்சு. நான் மன்னிப்புக் கேட்டேன். அவரு தலைய ஆட்டல.

ரத்தினம் சேர்தான் பேசினாரு. "விஜயாக்கா செஞ்சது பிழை. ஆனா ஒண்ணு கேக்கணும், ஐயா. ரோட்டுல இருந்து கேட்டு எழுதச் சொன்னாங்களா, லயத்துக்கு வந்து பார்த்து எழுதச் சொன்னாங்களா?"

ஜீ.எஸ். குனிஞ்சு சப்பாத்தப் பார்த்தாரு. "பார்த்து"ன்னாரு. "மழை. சேறு. எறங்கல."

அப்ப எறங்கியிருந்தா எண்பது அடி. எண்பது அடி நடந்து ஒரு கதவத் தட்டியிருந்தா, உள்ள எத்தன அடுப்புன்னு கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும். எனக்கு ஆத்திரம் வந்துச்சு. ஆனா எந்த வாயால கத்துறது. நான் அந்த லயத்துலயே பொறந்தவ. நானே எண்ணல.

முடிவு: நாளைக்குக் கணக்கு. ஒவ்வொரு குடும்பமும் பேரு, ஆள் கணக்கு, கையெழுத்து. திங்கக்கிழம காலையில நானும் ஜீ.எஸ்.ஸும் சேர்ந்து ஆபீசுல குடுக்கணும். குடுத்தா வீடு கெடைக்குமான்னு கேட்டேன். "எழுதிக் குடுங்க, நானும் எழுதுறேன். நான் எறங்கலன்னும் எழுதுறேன்"ன்னாரு. எழுதுவாரான்னு திங்கக்கிழம தெரியும்.

மாதர் சங்கத்துலேர்ந்து என்னைய எடுக்கணும்னு பேச்சு. எடுக்கட்டும்.

பிப்ரவரி 7, சனி

வெயில். அரை நேரத்தோட மலை முடிஞ்சுச்சு. குளிசை இன்னும் நாலு நாளைக்கு இருக்கு.

மேசைய மண்டபத்து நடுவுல போட்டு உக்காந்தேன். ரத்தினம் சேர் கோடு போட்ட கடதாசி குடுத்தாரு. பெருமாள் அண்ணன் பக்கத்துல நின்னாரு, மத்தவங்க தள்ளியே நின்னாங்க. ஒண்ணாம் காம்பராவுலேர்ந்து கூப்பிட்டேன். இல்ல, காம்பரா நம்பர் சொல்லிக் கூப்பிடாதீங்கன்னு சேர் சொன்னாரு. பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். வாய் பழகல.

மத்த குடும்பமெல்லாம் எழுதி முடிஞ்சுச்சு. இருபத்தாறு. சசி, கவிதாவையும் எழுதினா இருபத்தேழு. சரியா வந்துருச்சுன்னு நெனச்சேன். "தங்கம்?"னு பெருமாள் அண்ணன் கேட்டாரு.

தங்கம், புருசன் விட்டுட்டுப் போனவ. பதினோராம் காம்பராவோட இஸ்தோப்புல, வாசல் திண்டுல சாக்கத் தொங்கவிட்டு, எட்டு வருசமாத் தனியாப் பொங்கித் தின்னுக்கிட்டுக் கெடக்கா. காம்பராக் கணக்குலயும் அவ இல்ல. ரோட்டுல நின்னு இருபத்தேழு இருபத்தேழுன்னு நான் கத்தினேனே, அதுலயும் அவ இல்ல.

"அவ ஒத்த ஆளு, குடும்பமா?"ன்னு ஒருத்தி கேட்டா. "வேற எங்க போவா?"ன்னாரு பெருமாள் அண்ணன். அவளக் கூட்டிட்டு வர ஆளனுப்பினாரு. அவ வந்து வரிசைக் கடைசியில நின்னா, சேலைத் தலைப்பால கைய மூடிக்கிட்டு. நம்பலன்னு மொகத்துலயே தெரிஞ்சுச்சு.

கவிதா அவளுக்கு முன்னுக்கு நின்னா. பெரகலைக்கு இன்னும் போகல. பை கட்டி மூலையில இருக்கு. நேத்துலேர்ந்து என்னோட பேச்சில்ல. சசிதான் குடும்பத் தலைவன்னு அவன் பேர எழுதத் தொடங்கினேன். சசின்னு ஒரு எழுத்துகூட முடியல.

"பேனாவக் குடுங்க அத்தை. எங்க வீட்டுக் கணக்க நானே எழுதுறேன்."

குடுத்தேன். குனிய முடியாம வயித்தப் பிடிச்சுக்கிட்டு, மேசையில சாஞ்சு எழுதினா. அவ பேரு மொதல்ல, பொறவு சசி, பொறவு சின்னது. ஆள் கணக்குல நாலுன்னு போட்டா. வயித்துல இருக்கிறதையும் சேர்த்து. கையெழுத்து வச்சா. நான் கைய நீட்டிக்கிட்டே இருந்தேன். பேனாவ என்கிட்ட தரல, திரும்பித் தங்கத்துக்கிட்ட குடுத்தா.